கிணறு இல்லாத கடற்கரை

யாரும் கூப்பிடாத ஊருக்கு நிரந்தரமாகக் குடிபோகிறேன் என்று சொல்லி, தெருவில் வழியனுப்பு விழா நடத்திக்கொண்டவன் நான். இதை நானே சொல்லிவிடுவது நல்லது. தெருவில் கேட்டால் இன்னும் விரிவாகச் சொல்வார்கள்.

நடந்தது இவ்வளவுதான். பிரான்சில், மார்செய் துறைமுகத்தில் வேலைபார்க்கும் என் மகள், "மூணு வாரம் வந்து இருந்துட்டுப் போங்கப்பா" என்று போனில் சொன்னாள். அதில் 'வந்து இருந்துட்டு' வரைக்கும் கேட்டுக்கொண்டேன். மிச்சம் லைனில் சரியாக விழவில்லை என்று வைத்துக்கொண்டேன். மறுநாள் காலையில் மளிகைக்கடை அண்ணாச்சியிடம், "பிள்ள இனிமே விடமாட்டேங்கா அண்ணாச்சி. அங்கனயே இருந்திருங்கன்னு ஒரே பிடியா நிக்கா" என்று சொன்னேன். சொல்லும்போது முகத்தில் ஒரு சலிப்பையும் வரவழைத்துக்கொண்டேன்.

அவரும் என்னை அண்ணாச்சி என்றுதான் கூப்பிடுவார். எங்கள் ஊரில் இரண்டு அண்ணாச்சிகளில் மூத்தவர் யார் என்பது ஆதார் அட்டையைப் பார்த்தால்தான் தெரியும். தெருவின் நல்லது கெட்டது எல்லாவற்றுக்கும் அவர்தான் செயலாளர். அந்த வாரக் கடைசியிலேயே கடை வாசலில் பிளாஸ்டிக் நாற்காலிகள் போட்டு, எனக்கு ஒரு சால்வை போர்த்தினார்கள். மெரூன் நிறம், ஜரிகைக் கரை. "எனக்கெதுக்கு இதெல்லாம்" என்று ஒரு தடவை மறுத்தேன். "சும்மா இருங்கய்யா" என்று இன்னொரு தடவை மறுத்தேன். மூன்றாம் தடவை கழுத்தை நீட்டினேன்.

இது என் பிகு இல்லை. எங்கள் பக்கத்து மரியாதையே அப்படித்தான். காப்பியானாலும் கல்யாண விருந்தானாலும் சால்வையானாலும் முதல் தடவை கேட்டதும் வேண்டாம் என்று சொல்ல வேண்டும். கொடுப்பவர் மறுபடி கேட்பார், மறுபடியும் வேண்டாம் என்போம். அவர் கையைப் பிடித்து இழுக்கும்போது, அவருக்காகத்தான் என்பது போல வாங்கிக்கொள்ள வேண்டும். கேட்டதும் கை நீட்டுகிற ஆளைப் பற்றி அன்று கடை அடைக்கும் வரைக்கும் பேச்சு ஓடும்.

விழா முடிந்த வேகத்தில் ஸ்கூட்டரை அண்ணாச்சிக்கே கொடுத்தேன். கறிவேப்பிலைத் தொட்டியை எதிர்வீட்டுக்குத் தூக்கிக் கொடுத்தேன். பால்காரரிடம் இனி வரவே வேண்டாம் என்று சொன்னேன். கையில் ரிட்டர்ன் டிக்கெட் இருந்தது. அது விசாவுக்காக எடுத்தது, சும்மா ஒரு சம்பிரதாயம் என்று எல்லோரிடமும் சொன்னேன். என்னிடமும் சொல்லிக்கொண்டேன்.

மனைவி போனபிறகு எங்கள் வீட்டில் கேட்கும் பெரிய சத்தம் தண்ணீர் மோட்டாருடையதுதான். மாடித் தொட்டி நிறைந்த பிறகும் அதைக் கொஞ்ச நேரம் ஓடவிடுவேன். தண்ணீர் வழிந்து தெருவில் விழுந்தால் எங்கிருந்தாவது ஒரு குரல் வரும்: "ஏ அண்ணாச்சி, தண்ணி போவுது!" தண்ணீருக்குத் தவிக்கிற ஊரில் இது பெரிய பாவம்தான். ஆனால் சில நாட்களில் என்னோடு வேறொருவர் பேசியது அந்த ஒரு வாக்கியம் மட்டுமாக இருந்தது.

மகளோடு போனில் பேசுவது மனைவியின் இலாகா. அரைமணி நேரம் அவர்கள் பேசி முடித்தபின் போன் என் கைக்கு வரும். "நல்லாருக்கியா? சாப்பிட்டியா? சரி, வையி" என்பேன். மனைவி போனபிறகு முழு அரைமணியும் எனக்கே வந்து சேர்ந்தது. அதை என்ன செய்வது என்று எனக்கும் தெரியவில்லை, மகளுக்கும் தெரியவில்லை. இரண்டு ஊர் வெயிலையும் ஒப்பிட்டுப் பார்த்துவிட்டு வைத்துவிடுவோம்.

ஆகவே நான் விமானம் ஏறியது ஊர் பார்க்க இல்லை. ஒரு கேள்விக்காக. 'இங்கேயே இருந்துவிடுகிறீர்களா அப்பா' என்று அவள் ஒரு தடவை கேட்க வேண்டும். கேட்டுவிட்டால் தெருவில் நான் சொன்னது பொய்யில்லை, கொஞ்சம் முன்கூட்டிச் சொன்ன உண்மை என்று ஆகிவிடும்.

மகளுக்கு அங்கே ஒரே அறை கொண்ட வீடு. சோபாவை இழுத்தால் கட்டில். அவள் எழுவதற்கு முன்பே எழுந்து அதைச் சோபாவாக மடித்துவிட்டு, நான் எவ்வளவு குறைவாக இடம் அடைக்கிறேன் என்பது தெரியும்படி ஓரமாக உட்கார்ந்திருப்பேன். கப்பலில் எந்த கன்டெய்னரை எந்த அடுக்கில் வைப்பது என்று கம்ப்யூட்டரில் திட்டம் போடுவது அவள் வேலை. முதலில் இறங்க வேண்டியது மேலே, கடைசியில் இறங்குவது அடியில் என்று படம் போட்டு விளக்கினாள். இதில் நான் எந்த அடுக்கு என்று கேட்க நாக்கு நுனி வரைக்கும் வந்தது.

அவள் வேலைக்குப் போனபின் நான் துறைமுகத்துப் பக்கம் போய் உட்கார்ந்திருப்பேன். அங்கேயும் காலையில் பெண்கள் மீன் விற்றார்கள். பேரம் பேசும் தோரணை எல்லாம் நம் ஊர்போலத்தான் இருந்தது. ஒரு சொல்கூடப் புரியவில்லை என்பது மட்டுமே வித்தியாசம். நாள் முழுக்க வாயைத் திறக்காமல் இருந்துவிட்டுச் சாயந்திரம் மகளோடு பேசத் தொடங்கினால், குரல் அடுத்த வீட்டுக்காரருடையது போல வந்தது.

இரண்டாவது வாரத்தில் ஒருநாள் சாப்பிட்டுக்கொண்டிருந்தவள், தட்டைப் பார்த்தபடியே, "ஞாயித்துக்கிழம ஒரு இடத்துக்குப் போவோம்ப்பா. மலைக்கு நடுவுல கடல். எனக்குப் பிடிச்ச இடம். உங்ககிட்ட ஒரு விஷயம் பேசணும், அங்க வச்சுப் பேசுதேன்" என்றாள்.

அந்தக் கேள்விதான் என்று முடிவுகட்டிக்கொண்டேன். ஞாயிறு வரைக்கும் ஒத்திகை பார்த்தேன். முதல் தடவை கேட்டதும், 'எனக்கென்னளா, நான் அங்கன ராஜா மாதிரி இருக்கேன்.' இரண்டாம் தடவை, 'உனக்கெதுக்கு சிரமம்.' மூன்றாம் தடவை நீண்ட ஒரு பெருமூச்சு. பெருமூச்சைக் கண்ணாடி முன்னால் நின்று பழகினேன்.

பஸ் கடைசியாக நிற்கும் இடத்தில் இறங்கி, அங்கிருந்து மலைமேல் நடக்க வேண்டும். ஊசியிலை மரங்களுக்குள் புகுந்து போகும் பாதை. கல்லெல்லாம் வெள்ளை. நடந்து நடந்தே வழவழப்பாகிப்போன சுண்ணாம்புக் கல். மகள் அதற்கென்று உள்ள ஷூ போட்டிருந்தாள். நான் தோல் செருப்பு. வேட்டியை மடித்துக் கட்டி, தோளில் அந்த மெரூன் சால்வையைப் போட்டிருந்தேன். அவள் வீட்டுத் துண்டெல்லாம் கைக்குட்டை அளவுதான் இருந்தது, சால்வைதான் துவட்டத் தோதாகப் பட்டது. எதிரே வந்தவர்கள் எல்லோரும் எனக்கு வணக்கம் சொல்லிவிட்டுப் போனார்கள். ஏதோ மடத்தின் தலைவர் என்று நினைத்திருப்பார்கள்.

"பாத்து வாங்கப்பா, வழுக்கும்."

"இந்த வழுக்கல்லாம் எனக்கெதுக்குளா சொல்லுத, உப்பளத்து வரப்புல நடந்த காலு இது" என்று சொல்லிக்கொண்டே உட்கார்ந்த நிலையில் கொஞ்ச தூரம் இறங்கினேன்.

கடைசித் திருப்பத்தில் மரங்கள் விலகின. கீழே கடல் தெரிந்தது.

நான் தட்டையான ஊர்க்காரன். எங்கள் பக்கம் நிலமும் கடலும் ஒரே மட்டம். எங்கே இது முடிந்து அது தொடங்குகிறது என்பதை இரண்டும் பேசித் தீர்த்துக்கொள்ளும். உயரமாக ஏதாவது தெரிந்தால் அது துறைமுகத்துக் கிரேனாகவோ அனல்மின் நிலையப் புகைபோக்கியாகவோ இருக்கும். இங்கே மலை செங்குத்தாக வந்து கடலுக்குள் இறங்கியிருந்தது. இரண்டு பக்கமும் வெள்ளைப் பாறைச் சுவர், நடுவில் ஒரு தெரு அகலத்துக்குத் தண்ணீர் உள்ளே புகுந்து வந்து, கூழாங்கல் கரையில் சத்தமில்லாமல் முடிந்தது. அம்பாரம் போட்ட உப்பை யாரோ ஓலை மூடாமல் விட்டுவிட்டுப் போனது போல இருந்தன பாறைகள். ஒரு மழை பெய்தால் சரக்கு எல்லாம் போய்விடுமே என்றுதான் எனக்கு முதலில் தோன்றியது. முப்பது வருடம் உப்புத் தரகு பார்த்தவனுக்கு இயற்கை அழகு இந்த வழியாகத்தான் உள்ளே வரும்.

இந்தக் கடலிலிருந்து புறப்பட்டுத்தான் யவனர்கள் நம் கொற்கைக்கு முத்து வாங்க வந்தார்கள் என்று மகளுக்கு ஒரு பிரசங்கம் தயாரித்து வைத்திருந்தேன். தொடங்கினேன். அவள் ஷூவைக் கழற்றிக்கொண்டே, "வந்தவங்க வாங்கிட்டுத் திரும்பிப் போயிட்டாங்கல்லா?" என்றாள். பிரசங்கத்தை அதோடு நிறுத்திக்கொண்டேன்.

கரையில் ஒரு வயதான தம்பதி மட்டும் படுத்துப் புத்தகம் படித்துக்கொண்டிருந்தார்கள். இருவருடைய உடைகளையும் சேர்த்துத் தைத்தாலும் ஒரு தலையணை உறை தேறாது. ஆனால் அவர்கள் இயல்பாக இருந்தார்கள். வேட்டியும் சால்வையுமாக நின்ற நான்தான் அங்கே அம்மணமாகத் தெரிந்தேன். கொஞ்ச நேரத்தில் அவர்களும் பையைத் தூக்கிக்கொண்டு மேலே ஏறிப் போய்விட்டார்கள்.

"பேசுததுக்கு முன்னாடி ஒரு நீச்சல் போட்டுட்டு வந்திருதேன்ப்பா" என்றாள் மகள்.

அவளுக்கு நீச்சல் தெரியும் என்பதே எனக்கு அப்போதுதான் தெரியும். தூத்துக்குடிக்காரர்களுக்கு நீந்தத் தெரியாமல் இருக்குமா என்று வெளியூர்க்காரர்கள் கேட்பார்கள். கடலுக்குப் போகிறவர்களுக்குத் தெரியும். நாங்கள் கடலைப் பாத்தியில் பாய்ச்சி, வெயிலில் காயவைத்து, மூட்டை கட்டி விற்கிறவர்கள். எங்களுக்குக் கடல் கச்சாப்பொருள். அதற்குள் இறங்கி யாராவது கை கால் அடிப்பார்களா?

அவள் இறங்கினாள். கொஞ்சமும் தண்ணீரைக் கலக்காமல் கையை மாற்றி மாற்றிப் போட்டுப் போனாள். நான் அவளுடைய ஷூவையும் பையையும் காவல் காத்துக்கொண்டு ஒரு கல்லில் உட்கார்ந்தேன். தலை ஒரு தேங்காய் அளவுக்குத் தெரிந்தது. பிறகு எலுமிச்சம்பழ அளவு. பாறைச் சுவர் முடிந்து திறந்த கடல் தொடங்கும் வாயருகே போனாள். வலதுபக்கம் திரும்பினாள். பாறைக்கு அந்தப் பக்கம் போய்விட்டாள்.

அதன்பிறகு அங்கே ஒன்றுமில்லை. அலை இல்லை. காற்று இல்லை. எங்கள் வீட்டிலாவது மோட்டாரைப் போடலாம்.

வந்துவிடுவாள் என்று இருந்தேன். வரவில்லை. எழுந்து நின்றேன். தண்ணீர் விளிம்பு வரைக்கும் போனேன். "ஏளா!" என்று கூப்பிட்டேன். எதிர்ப்பாறை அதை வாங்கி "ஏளா" என்று என்னையே திருப்பிக் கூப்பிட்டது. பெண்பிள்ளையைக் கூப்பிடும் சொல் அது, மலைக்கு ஆண் பெண் வித்தியாசம் தெரியவில்லை. இன்னொரு தடவை, கொஞ்சம் பலமாகக் கூப்பிட்டேன். இரண்டு பக்கச் சுவரும் மாறி மாறிக் கூப்பிட்டன. மூன்றாம் தடவை கூப்பிடத் தைரியம் வரவில்லை. அவ்வளவு பெரிய இடத்தில் என் குரல் ஒன்றுதான் திரும்பத் திரும்பக் கேட்டது.

ஓடி உதவி கேட்கலாம் என்றால் ஏறும் பாதை ஒரு மணி நேரம். யாரையாவது கண்டால் என்ன மொழியில் சொல்வது? கடலில் குதிக்கலாம் என்றால், காப்பாற்ற வேண்டியவர்கள் ஒருவருக்கு இருவராவார்கள்.

கடலோரத்தில் நின்று எனக்குச் செய்யத் தெரிந்தது ஒரே ஒரு காரியம். எங்கள் குடும்பத்தில் கடலில் இறங்குவது திருச்செந்தூரில் மட்டும்தான். மூக்கைப் பிடித்துக்கொண்டு மூன்று முழுக்கு, பிறகு ஈரத்தோடு நாழிக்கிணற்றுக்குப் போய் நல்ல தண்ணீரை மேலே ஊற்றிக்கொள்ள வேண்டும். அப்போதுதான் குளியல் முடிந்ததாகக் கணக்கு. உப்போடு வீடு திரும்புவது அரைக் குளியல். வேண்டுதல் இருந்தால் அரைக் குளியல் செல்லாது.

முருகா, பிள்ளையைத் திருப்பிக் கொடு என்று சொல்லி வேட்டியோடு இறங்கினேன். தண்ணீரா அது? ஐஸ் பெட்டி. கூழாங்கல் காலுக்கடியில் உருண்டது. இடுப்பளவு ஆழத்தில் நின்று ஒரு முழுக்குப் போட்டேன். மூச்சு நின்றுபோய் மறுபடி வந்தது. இரண்டாவது. மூன்றாவதில் எழுந்து கண்ணைத் துடைத்துப் பார்த்தால், பாறை முனையில் ஒரு எலுமிச்சம்பழம்.

அது தேங்காயாகும் வரைக்கும் நான் நகரவில்லை. பிறகு கரைக்கு வந்தேன். உடம்பு வெடவெடவென்று ஆடியது. ஆனாலும் கணக்கை முடிக்க வேண்டும். பையில் இரண்டு பெரிய பாட்டில் தண்ணீர் இருந்தது. கிழக்கு எது என்று சூரியனை வைத்து ஒரு மாதிரி கண்டுபிடித்து, திரும்பி நின்று, முதல் பாட்டிலைத் தலையில் ஊற்றினேன். சந்தோஷத்தில் இரண்டாவதையும் ஊற்றினேன். சால்வையால் துவட்டி, அதையே தலைப்பாகை கட்டிக்கொண்டு உட்கார்ந்தேன்.

மகள் கரையேறி வந்தாள். மூச்சு வாங்கியது.

"அந்தப் பக்கம் ஒரு குகை இருக்குப்பா. அதுக்குள்ள போயிட்டு வந்தேன். தண்ணி குடுங்க, நாக்கு ஒட்டுது."

நான் பாட்டில்களைக் காட்டினேன்.

"என்னது, ரெண்டும் காலியா? எல்லாத்தையும் குடிச்சிட்டியளா?"

"குளிச்சேன்."

"குடிக்கிற தண்ணியிலயா?"

"குளிச்சது கடல்லதான். இது அலச."

அவள் என் தலைப்பாகையைப் பார்த்தாள். நனைந்த வேட்டியைப் பார்த்தாள். "அப்பா! நாழிக்கிணறா?" என்றாள். "இங்கன வந்து நாழிக்கிணத்துக் குளியல் குளிச்சிருக்கிய?"

"பெறவு? அரைக் குளியலோடயா பஸ்ல ஏறச் சொல்லுத?"

சிரிக்க ஆரம்பித்தவள் நிறுத்த முடியாமல் கூழாங்கல்லில் உட்கார்ந்துவிட்டாள். பாறைகளும் சேர்ந்து சிரித்தன. அவள் அம்மா போனபிறகு அவள் அப்படிச் சிரித்து நான் கேட்டதில்லை. ஏன் முழுக்குப் போட்டேன் என்பதை நான் சொல்லவில்லை. சொன்னால் சிரிப்பு நின்றுவிடும்.

கண்ணைத் துடைத்துக்கொண்டு, அந்தச் சிரிப்பு முகத்தில் இருக்கும்போதே அவள் கேட்டாள்.

"அப்பா, பேசணும்னு சொன்னேன்லா. அங்கன தனியா இருக்கது கஷ்டமா இருந்தா இங்க வந்து என்கூட இருக்கியளா? ரெண்டு ரூம் வீடு ஒண்ணு பாத்து வச்சிருக்கேன். பெரிய விசாவுக்கு என்ன வழின்னும் விசாரிச்சிட்டேன். வீட்டுக்காரங்களுக்கு நாளைக்குப் பதில் சொல்லணும்."

நான் எதற்காக அத்தனை மைல் வந்தேனோ அது, ஒரு பிசிறும் இல்லாமல், வீட்டோடும் விசாவோடும் வந்து என் முன்னால் நின்றது. சரி என்று ஒரு சொல் போதும். ஆனால் முதல் தடவை கேட்டால் வேண்டாம் என்று சொல்வதுதானே வழக்கம். அதற்கும் மேலே ஒன்று இருந்தது. அவள் சிரித்துக்கொண்டிருந்தாள். இன்னொரு தடவை அவளைச் சிரிக்கவைக்க வேண்டும்போல இருந்தது. ஒத்திகை பார்த்து வைத்திருந்ததெல்லாம் போய் வேறொன்று வாயில் வந்தது.

"இங்கயா? குளிச்சா அலச ஒரு கிணறு இல்லாத ஊர்ல மனுசன் இருப்பானாளா?"

சிரித்தாள். ஆனால் சின்னச் சிரிப்பு. தலைமுடியை ஒரு பக்கமாகச் சாய்த்துப் பிழிந்தாள்.

"அதுவும் சரிதான்ப்பா. அப்ப அந்த வீடு வேண்டாம்னு சொல்லிருதேன்."

நான் எதிர்ப்பாறையைப் பார்த்துக்கொண்டு இரண்டாம் தடவைக்காகக் காத்திருந்தேன். அவள் பையிலிருந்து ரொட்டியை எடுத்துக் கொடுத்தாள். தண்ணீர் இல்லாமல் அது தொண்டையில் இறங்க நேரம் பிடித்தது. கேட்கவில்லை. ஈரத் துணியை மடித்துப் பைக்குள் வைத்தாள். கேட்கவில்லை. பாறையின் நிழல் தண்ணீரைத் தாண்டி எங்கள் கால் வரைக்கும் வந்தது. "கிளம்புவோமா?" என்று மட்டும் கேட்டாள்.

அவள் அவ்வளவு தூரம் நீந்திப் போனது அந்த ஒரு கேள்வியை மனதுக்குள் கட்டி எடுத்துக்கொண்டு வரத்தானோ என்று இப்போது தோன்றுகிறது.

ஏறும்போது ஒவ்வொரு திருப்பத்திலும் நின்றேன். மூச்சு வாங்குவதற்காக என்று அவள் நினைத்தாள். அவளுக்குக் கேட்க ஒரு வாய்ப்புக் கொடுப்பதற்காக என்று எனக்குத் தெரியும். "கால் வலிக்குதாப்பா?" என்று கேட்டாள். "பைய தாங்க" என்றாள். தாகத்தில் என் நாக்கு மேலண்ணத்தில் ஒட்டிக்கொண்டிருந்தது.

பாதி வழியில் எதிரே ஒரு நடுத்தர வயதுப் பெண் வந்தாள். என் முகத்தைப் பார்த்ததுமே விஷயம் புரிந்திருக்க வேண்டும். தன் பாட்டிலை எடுத்து என் பக்கம் நீட்டினாள். என்னை அறியாமலே என் கை உயர்ந்து, "நோ, நோ" என்றது வாய். உயிர் போகிற தாகம். ஆனாலும் முதல் தடவையாயிற்றே. அவள் ஒரு புன்னகையோடு தலையசைத்துவிட்டு என் மகளிடம் நீட்டினாள். மகள் வாங்கி மடக்மடக்கென்று குடித்துவிட்டு நன்றி சொல்லித் திருப்பிக் கொடுத்தாள். அந்தப் பெண் மூடியைத் திருகி, பாட்டிலைப் பையில் செருகி, தன் வழியே இறங்கிப் போய்விட்டாள்.

நான் அவள் முதுகையே பார்த்துக்கொண்டு நின்றேன்.

"இங்கல்லாம் ஒரு தடவதான்ப்பா கேப்பாங்க" என்றாள் மகள். "வேணாம்னா வேணாம்னு விட்டுருவாங்க."

பாதையைப் பார்த்துக்கொண்டுதான் சொன்னாள். தண்ணீரைப் பற்றித்தான் சொன்னாளா என்று அவள் முகத்தைப் பார்த்துத் தெரிந்துகொள்ளலாம் என்றால், அவள் முன்னால் நடந்துகொண்டிருந்தாள். எங்கள் வீட்டில் பிறந்தவள் அவள். காப்பிக்கு இரண்டு தடவை மறுக்கச் சொல்லிக்கொடுத்ததே நாங்கள்தான். அதை மறந்துபோனாளா, அல்லது நினைவு வைத்துக்கொண்டுதான் ஒரு தடவையோடு நிறுத்தினாளா என்று இன்றைக்கும் எனக்குத் தெரியாது. அந்த இடத்திலேயே, 'நான் சும்மா சொன்னேன்ளா, வாரேன்' என்று சொல்லியிருக்கலாம். வாயில் எச்சில் இல்லை என்பதை வேண்டுமானால் ஒரு காரணமாகச் சொல்லிக்கொள்ளலாம்.

மறுநாள் காலையில் அவள் போனில் யாரோடோ பேசினாள். நான் சோபாவை மடித்துக்கொண்டிருந்தேன். அந்த மொழியில் எனக்குத் தெரிந்தது நாலைந்து சொற்கள். அதில் ஒன்று 'நோன்', நம் 'இல்லை'. அது இரண்டு தடவை காதில் விழுந்தது.

மிச்ச நாட்கள் நன்றாகவே போயின. ரசம் வைத்துக் கொடுத்தேன். அவளுக்குப் பிடித்திருந்தது. விமான நிலையத்தில், "பொங்கலுக்கு வரப் பாக்கேன்ப்பா" என்றாள்.

"எதுக்குளா சிரமப்பட்டுக்கிட்டு, வேலையப் பாரு" என்றேன். சொல்லி முடித்தபிறகுதான் உறைத்தது. "இல்ல. வா. வந்திரு" என்றேன்.

அவள் என்னை ஒரு மாதிரிப் பார்த்தாள். "பாக்கேன்ப்பா" என்றாள்.

ஊருக்கு ரயிலில் வந்து இறங்கியபோது இன்னும் சரியாக விடியவில்லை. பின்தெரு வழியாகப் பெட்டியைக் கையில் தூக்கிக்கொண்டு, உருட்டினால் சத்தம் கேட்குமே என்று, சொந்த வீட்டுக்குள் திருடன் மாதிரி நுழைந்தேன். யார் கண்ணிலும் படாமல் இரண்டு நாளாவது ஒளிந்திருக்கலாம் என்பது திட்டம். குழாயைத் திறந்தால் காற்று வந்தது. தொட்டி காய்ந்துகிடந்தது. மோட்டாரைப் போட்டுவிட்டு நாற்காலியில் உட்கார்ந்தவன், பயணக் களைப்பில் அப்படியே கண்ணசந்துவிட்டேன்.

"ஆளில்லாத வீட்டுல மோட்டார் போட்டது யாருல? ஏலே, தண்ணி தெருவெல்லாம் போவுது!"

வெளியே வந்தேன். மளிகைக்கடை அண்ணாச்சி என் ஸ்கூட்டரில் உட்கார்ந்தபடி மாடியைப் பார்த்துக் கத்திக்கொண்டிருந்தார். என்னைக் கண்டதும் வண்டியை அணைத்தார்.

"அண்ணாச்சியா! எப்ப வந்திய? பிள்ள விடமாட்டேன்னு ஒரே பிடியா நின்னாள்லா?"

"ஆமா."

"பிடி விட்டுட்டாளாக்கும்."

நான் பேச்சை மாற்ற, போன இடத்தைப் பற்றிச் சொன்னேன். வெள்ளை வெளேரென்று மலை, நடுவில் கண்ணாடி மாதிரிக் கடல், கூப்பிட்டால் திருப்பிக் கூப்பிடும் பாறை. அவர் பொறுமையாகக் கேட்டார்.

"அங்கனயும் உப்புத்தண்ணிதான?"

"ஆமா."

"ம்." கொஞ்சம் தயங்கிவிட்டுச் சொன்னார், "அந்தச் சால்வய தூரப் போட்டிரலியே? வார ஞாயித்துக்கிழம நம்ம போஸ்ட்மேனு ரிட்டயர் ஆவுதாரு. நீங்க வந்துட்டிய, பெறவு அது எதுக்கு உங்களுக்கு? புதுசா ஒண்ணு எடுக்கணுமேன்னு நினைச்சுக்கிட்டிருந்தேன்."

பெட்டியைத் திறந்து எடுத்துக் கொடுத்தேன். அந்தக் கடலின் உப்பு அப்படியே படிந்து, சால்வை அப்பளம் மாதிரி விறைத்துக்கிடந்தது. நல்ல தண்ணீரில் என்னை அலசிய நான் அதை அலசவில்லை. அண்ணாச்சி ஒரு உதறு உதறினார். வெள்ளையாக ஏதோ உதிர்ந்தது. விரலில் தொட்டு நாக்கில் வைத்துப் பார்த்து, மடித்து ஸ்கூட்டர் சீட்டுக்கு அடியில் வைத்துக்கொண்டார்.

வண்டியை உதைக்கக் காலைத் தூக்கியவர், திறந்திருந்த கதவு வழியே காலியாகக் கிடந்த அடுக்களைப் பக்கம் ஒரு பார்வை பார்த்தார்.

"பால்கூட இருக்காதே உங்க வீட்ல. வாங்க அண்ணாச்சி, நம்ம வீட்ல இட்லி ஊத்தியிருக்கா. ஒருவாய் சாப்பிட்டுட்டுப் போலாம்."

"சரி, வாரேன்" என்றேன். சொல்லும்போதே ஒரு காலைச் செருப்புக்குள் விட்டுவிட்டேன்.

அண்ணாச்சி தூக்கிய காலைக் கீழே வைத்தார். என்னைத் தலையிலிருந்து கால்வரைக்கும் ஒரு தடவை பார்த்தார்.

"என்ன அண்ணாச்சி, ஒரு தடவ கேட்டதும் கிளம்பிட்டிய? அங்கன பிள்ள சோறே போடலியோ?"